தியவன்னாவா, பொல்கொடவா, பேர வாவியா? கொழும்பில் தூண்டில் போடப் போகிறவர்களுக்கு

போன கிழமை என் மனைவியின் தம்பி அழைத்தான். வெள்ளவத்தையில் மாடிக் குடியிருப்பு, பதினொரு வயதில் ஒரு மகன், பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ஃபோனும் கையுமாக இருக்கிற பிள்ளை. "அத்தான், இவனை ஞாயிற்றுக்கிழமையில எங்கையாவது வெளியில கூட்டிக்கொண்டு போகவேணும். தூண்டில் போடலாம் எண்டு நினைக்கிறன். பேர வாவி கிட்ட. தியவன்னாவும் பெரிய தூரமில்லை. பொல்கொடதான் நல்லம் எண்டு கந்தோரில ஒருத்தர் சொல்றார். எங்க போறது?" நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான். என்ன மீன் பிடிக்கப் போகிறாய்? "எந்த மீனெண்டாலும் சரிதானே அத்தான்."

சரியில்லை. இதில் நம்மில் பெரும்பாலானோர் கடைசியில் யோசிக்க வேண்டியதை முதலில் யோசிக்கிறோம். கடைக்குப் போய் ரீல் பூட்டிய தூண்டில் ஒன்றை வாங்குகிறோம், பிறகு வீட்டுக்குக் கிட்ட எங்கே தண்ணீர் இருக்கிறது என்று பார்க்கிறோம், கடைசியில் எது கொத்துகிறதோ அதைத் தூக்கிப் பையில் போடுகிறோம். கொழும்பில் அப்படிச் செய்தால், சாப்பிடக் கூடாத தண்ணீரில் பிடித்த மீன் தாச்சிக்கு வந்துவிடும், அல்லது இந்த மண்ணுக்குச் சொந்தமான மீனைப் பிடித்துத் தின்றுவிட்டு, வெளியிலிருந்து வந்து அதை அழிக்கிற மீனைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு வருவோம். அதனால் முதலில் மீனை முடிவு செய்யுங்கள். மீன் முடிவானால் வாவியும் தூண்டிலும் தானாக வந்து சேரும். அவனுக்கு ஃபோனில் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன், இதே கேள்வியோடு இன்னும் பலர் இருப்பீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

முதலில் திலாப்பியா. கொழும்பில் புதிதாகத் தூண்டில் பிடிக்கிற யாருக்கும் முதல் மீன் அநேகமாக இதுவாகத்தான் இருக்கும். மொசாம்பிக் திலாப்பியாவை 1952இல் இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள், நைல் திலாப்பியா அதற்குப் பிறகு வந்தது, இரண்டும் கலந்து பிறந்தவையும் இப்போது ஏராளம். அநுராதபுரம், வன்னிப் பக்கத்துக் குளங்களில் எத்தனையோ குடும்பங்களுக்கு இந்த மீன்தான் சோற்றுக்குக் கறி, அதனால் இதை வெறும் எதிரியாகப் பேச எனக்கு வாய் வராது. ஆனால் கொழும்பின் சதுப்புநிலத் தண்ணீரில் கதை வேறு. ஒட்சிசன் குறைந்த தண்ணீரிலும் இது சீவிக்கும், கொஞ்சம் உவர்ப்பு இருந்தாலும் பரவாயில்லை, முட்டையையும் குஞ்சையும் தாய் தன் வாய்க்குள்ளேயே வைத்துக் காப்பாற்றும். அப்படிப்பட்ட மீனோடு நம்முடைய சின்ன மீன்கள் போட்டி போட முடியாது. கரையோரத்து ஆழமில்லாத மணலில் வட்டம் வட்டமாகக் குழி தெரிந்தால் அது ஆண் திலாப்பியா முட்டையிட வைப்பதற்குத் தோண்டிய இடம். அங்கே தக்கையை, அதாவது தூண்டில் நூலில் கட்டி மிதக்க விடுகிற துண்டை, விட்டால் கொத்தாமல் போகாது.

இதைப் பிடிப்பதற்கு மனச்சாட்சி உறுத்தத் தேவையில்லை, அளவு பார்க்கத் தேவையில்லை, எத்தனை பிடித்தாலும் குறையாது. பிள்ளைக்குப் பழக இதைவிட நல்ல மீன் கிடையாது.

அடுத்தது மன்னா. சிங்களத்தில் மன்னா என்றால் கத்தி, மீன் வியாபாரிகள் நைஃப் ஃபிஷ் என்பார்கள். வெள்ளி நிறத்தில் கத்தி அலகு மாதிரித் தட்டையான உடம்பு, முதுகு கூன் விழுந்தது போல் உயர்ந்திருக்கும், வால் பக்கமாக வெள்ளை வளையம் சுற்றிய கறுப்புப் பொட்டுகள் வரிசையாக இருக்கும். தென்கிழக்கு ஆசியாவிலிருந்து மீன்தொட்டிக்காக வந்த மீன். விரலளவில் வாங்கி வருகிறார்கள், அழகாக இருக்கிறது, பிறகு அது வளர்ந்து தொட்டியில் இருக்கிற மற்ற மீனையெல்லாம் விழுங்கத் தொடங்குகிறது, கொல்ல மனமில்லாமல் பக்கத்துக் கால்வாயில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். அந்த இரக்கத்தின் விலையை இன்று பொல்கொடவும் பெல்லன்வில அத்திடியச் சதுப்பும் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. ஒரு மீற்றர் வரை வளரக்கூடிய மீன் இது. இரவில் வேட்டையாடும், சின்ன மீனும் இறாலும் அதன் சாப்பாடு, தண்ணீரில் நிற்கிற கம்பிலும் மரக்கட்டையிலும் முட்டையிட்டு ஆண் காவல் நிற்கும். என்னைக் கேட்டால், கொழும்பில் ஒரு மீனைத் தேடிப் போய்ப் பிடிக்க வேண்டுமென்றால் அது இந்த மன்னாதான். திலாப்பியா எழுபது வருடத்துக்கு மேலாக இங்கே இருக்கிறது, அதன் சேதத்தில் பெரும்பகுதி நடந்து முடிந்தது. மன்னா இப்போதும் தின்றுகொண்டிருக்கிறது.

டேங்க் கிளீனர் என்கிற மீனைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். அதுவும் தொட்டியிலிருந்து வந்ததுதான், உடம்பெல்லாம் ஓடு மாதிரி, கரையில் பொந்து தோண்டும், தூண்டிலுக்கு எப்போதாவதுதான் வரும். வந்தால் திரும்ப விடாதீர்கள். கரையில் எறிந்து துடிக்க விடவும் வேண்டாம், தலையில் ஒரே அடி, முடிந்தது. வெளி மீன் என்பதற்காக அதை வதைக்க யாருக்கும் உரிமையில்லை.

இனி, பிடித்தாலும் திரும்ப விட வேண்டியவை. இதில்தான் புதியவர்கள் தவறு செய்கிறார்கள், ஏனென்றால் நம்முடைய கொரலியா பார்வைக்குத் திலாப்பியாவின் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். இரண்டையும் ஈரக் கையில் வைத்துப் பாருங்கள். கொரலியா இன்னும் தட்டை, வட்டமான உடம்பு, பச்சை கலந்த நிறம், குறுக்கே கறுப்புப் பட்டைகள், உடம்பெங்கும் முத்துத் தூவினது போல் வெளிர் புள்ளிகள், பக்கத்துச் செட்டை தொடங்குகிற இடத்தில் ஒரு கறுப்புப் பொட்டு. நைல் திலாப்பியாவுக்கு வாலில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக இருக்கும். மொசாம்பிக் ஆண் முட்டைக் காலத்தில் கிட்டத்தட்டக் கரிக்கறுப்பு, தொண்டை மட்டும் வெள்ளை, செட்டை ஓரம் சிவப்பு. முத்துப் புள்ளி இருந்தால் விடுங்கள். கொரலியா சோடியாக நின்று குஞ்சைக் காக்கிற மீன், ஒன்றைத் தூக்கினால் மற்றது தனியே எத்தனை வாய்க்குப் பதில் சொல்லும்? ருசியான மீன்தான், கடையிலும் விற்கிறார்கள், எனக்கும் பிடிக்கும், ஆனால் கொழும்பு வாவியில் என் தூண்டிலில் வந்தால் நான் எடுப்பதில்லை. விராலும் அப்படியே. குஞ்சுக் கூட்டத்தோடு நிற்கிற விராலைப் பிடிப்பது பாவம். சிவப்பாகக் குமிழி குமிழியாக ஒரு கூட்டம் மேலே மிதந்து வந்தால் அதற்கு அடியில் தாய் தகப்பன் நிற்கிறார்கள் என்று அர்த்தம், தூண்டிலை வேறு பக்கம் எறியுங்கள்.

சரி, வாவிகளுக்கு வருவோம்.

பேர வாவி. கிட்ட இருக்கிறது, கோட்டைக்கும் கொள்ளுப்பிட்டிக்கும் நடுவில், மாலையில் தாமரைக் கோபுரத்தின் வெளிச்சம் தண்ணீரில் விழும்போது பார்க்க வடிவாகவும் இருக்கிறது. கரையில் நின்று தூண்டில் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், திலாப்பியா நன்றாகவே கொத்துகிறது. ஆனால் சாப்பிடுவதற்கு இதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், மச்சினனுக்கும் சொல்லவில்லை. நகரத்தின் கழிவு பல வருடமாக வந்து சேர்ந்த தண்ணீர் அது. பச்சைப் பாயாசம் மாதிரி மேலே படிகிறதே, அது நீலப்பச்சைப் பாசி, சில வேளைகளில் அது நஞ்சு விடும், அந்த நஞ்சு சமைத்தாலும் போகாது. பிடித்துவிட்டுத் திரும்ப விடலாமே என்று கேட்பீர்கள். திலாப்பியாவைத் திரும்ப விடுவதில் எனக்கு உடன்பாடில்லை, சாப்பிடாமல் கொன்று எறிவதிலும் இல்லை. ஆகவே பேர வாவிக்குப் பிள்ளையைக் கூட்டிப் போனால் கூழைக்கடாவைக் காட்டுங்கள், தண்ணீரில் நிற்கிற சீமா மாலக்க விகாரையைக் காட்டுங்கள், ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுங்கள். தூண்டிலை வீட்டில் வையுங்கள். வெள்ளவத்தைக் கால்வாய், கிருலப்பனைக் கால்வாய் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

தியவன்னா. பாராளுமன்றம் நிற்கிற தண்ணீர், 1982இல் திறந்த அந்தக் கட்டடத்தைக் கட்டும்போது சதுப்பைத் தோண்டித்தான் இந்த ஏரியை அகலமாக்கினார்கள். பாராளுமன்றத்தைச் சுற்றிப் பாதுகாப்புக் கெடுபிடி, அந்தப் பக்கம் போகவே வேண்டாம். ஆனால் ஏரி அதோடு முடியவில்லை. பத்தரமுல்ல, மாதிவெல, கிம்புலாவல, தலவத்துகொட என்று கை கையாகப் பிரிந்து போகிறது. நடைபாதை போட்ட பூங்காக்களில் சில இடத்தில் மீன் பிடிக்கக் கூடாதென்று பலகை இருக்கும், இல்லாத இடத்திலும் காவலாளியை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காருவது மரியாதை, பிறகு நடுவில் எழுப்ப மாட்டார்கள். வெள்ளவத்தையிலிருந்து ஞாயிறு விடிய முச்சக்கர வண்டியில் போனால் வீதியில் சனமே இருக்காது. கரை தாழ்வு, மர நிழல் உண்டு, பிள்ளைக்கு அலுத்துவிட்டால் நடக்க இடமுண்டு. கொழும்புக்கு 2018இல் ராம்சார் என்கிற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது, ஏன் கிடைத்தது என்று தெரிய வேண்டுமானால் காலை ஆறு மணிக்கு இந்தக் கரையில் உட்கார்ந்து பாருங்கள். நீர்க்காகம் செட்டையை விரித்துக் காய வைத்துக்கொண்டிருக்கும், மீன்கொத்தி உங்களுக்கு முன்னால் வந்து உங்களைவிடக் கெதியாகப் பிடித்துக்கொண்டு போகும்.

தியவன்னாவின் தண்ணீரும் சுத்தம் என்று சொல்ல மாட்டேன். வடிகால் வந்து விழுகிற வாய்க்குக் கிட்டப் பிடிக்காதீர்கள், நாறுகிற இடத்தில் பிடிக்காதீர்கள், பச்சைப் பாசி படிந்த நாளில் பிடித்ததைச் சமைக்காதீர்கள், குடலையும் ஈரலையும் எறிந்துவிடுங்கள், சமையலுக்கு நடுத்தர அளவு மீனை எடுங்கள், மாதத்தில் ஓரிரு தரம் சாப்பிட்டால் போதும். நான் அப்படித்தான் செய்கிறேன்.

பொல்கொட வேறு உலகம். வடக்குப் பொல்கொட, தெற்குப் பொல்கொட என்று இரண்டு பெரிய நீர்ப்பரப்பு, பாணந்துறையில் கடலோடு சேர்கிறது, அதனால் உவர்ப்பு ஏறி இறங்கும், கொடுவா கிடைக்கும், பெரிய மீனுக்கு ஆசைப்படுகிறவர்கள் படகு எடுத்துக்கொண்டு போவது இங்கேதான். மன்னாவுக்கும் இதுதான் இடம். வெள்ளவத்தையிலிருந்து கரையோர ரயிலில் மொறட்டுவைக்கோ பாணந்துறைக்கோ போகலாம், காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸும் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால் கரையில் பெரும்பகுதி தனியார் வளவும் ஹோட்டலும். நின்று தூண்டில் போட ஓர் இடம் கண்டுபிடிக்கவே முதல் இரண்டு தடவை போய்விடும். படகு எடுத்தால் உயிர்காப்பு அங்கி போட வேண்டும், பிள்ளை இருந்தால் அதில் பேச்சுக்கே இடமில்லை. மன்னா பிடிக்க வேண்டுமானால் மாலை மங்கி இருட்டுகிற நேரம் நிற்க வேண்டும். பதினொரு வயதுப் பிள்ளைக்கு முதல் நாளே கொசுக்கடியோடு இருட்டில் மூன்று மணித்தியாலம் காத்திருக்கச் சொன்னால் அவன் திரும்ப வர மாட்டான்.

பெல்லன்வில பக்கம் வேரஸ் கங்கையும் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அதன் ஒரு பக்கம் 1990இல் அறிவித்த பெல்லன்வில அத்திடிய சரணாலயம், வனசீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கிறது. எல்லை எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் தூண்டிலோடு திரிய வேண்டாம்.

இனித் தூண்டில். இங்கே எனக்குக் கட்சி உண்டு, மறைக்கப் போவதில்லை.

புதியவர்கள் எல்லோரும் ரீலுக்குத்தான் போகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒரு கடையில் "இதுதான் எல்லாத்துக்கும் சரி" என்று ஒரு செட்டைக் கையில் தந்தார்கள். கனத்த கம்பு, அதில் கடலுக்குப் போடுகிற பருமனில் தங்கூசி என்கிற நைலோன் நூல், தூண்டில் முள்ளோ என் சின்ன விரலின் பாதி நீளம். இரண்டு மாதம் தியவன்னாக் கரையில் நின்றேன், பாண் உருண்டை கரைந்து கரைந்து போகும், மீன் வரவில்லை. பக்கத்தில் ஒரு சிங்களப் பெரியவர், மூங்கில் கம்பும் அதே நீளத்துக்குத் தங்கூசியும், பழைய பாட்டாச் செருப்பில் வெட்டிய ஒரு துண்டு தக்கையும் வைத்துக்கொண்டு ஒன்றுக்குப் பின் ஒன்றாகத் தூக்கிக்கொண்டிருந்தார். ஒரு நாள் அவரே எழும்பி வந்து என் முள்ளைக் கையில் எடுத்துப் பார்த்தார், தலையை ஆட்டினார், தன் பெட்டியிலிருந்து ஒரு சின்ன முள் எடுத்துக் கட்டித் தந்தார். அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அன்றைக்கு ஏழு மீன்.

திலாப்பியாவுக்கு வாய் சின்னது, அது கடிப்பதில்லை, உறிஞ்சிப் பார்க்கும். அதனால் பத்தாம் இலக்கத்துக்குக் கிட்ட ஒரு சின்ன முள், மெல்லிய தங்கூசி, தக்கைக்குக் கீழே ஒரேயொரு சின்ன ஈயக் குண்டு. இந்தத் தக்கை விஷயத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். தக்கை தண்ணீருக்கு மேலே விரல் நகமளவுதான் தெரிய வேண்டும். அதற்கு மேல் தெரிந்தால் மீன் இழுக்கும்போது அதற்குப் பாரம் தெரியும், வாயிலிருந்து துப்பிவிடும். திலாப்பியா வந்தால் முதலில் தக்கை நடுங்கும், சுற்றிச் சின்ன வளையம் வளையமாகத் தண்ணீர் அசையும். அப்போது இழுக்கக் கூடாது. பிறகு சாய்ந்து ஒரு பக்கமாக நகரத் தொடங்கும், அப்போது மணிக்கட்டால் மட்டும் ஒரு சின்னச் சுண்டு. தோளால் இழுத்தால் உதடு கிழிந்து போய்விடும். பிள்ளைகள் இதைப் பெரியவர்களைவிடக் கெதியாகப் பிடித்துக்கொள்கிறார்கள், அவர்களுக்குக் கண் அந்தத் தக்கையை விட்டு அகலாது.

இரைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். முதல் நாள் பாணின் உள்பகுதியை எடுத்துத் தண்ணீர் தெளித்துப் பிசைந்து, ஒரு கரண்டி கோதுமை மா, இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் சேர்த்தால் கையில் ஒட்டாத மாவாக வரும். பயறளவு உருட்டி முள்ளின் நுனி மட்டும் தெரிகிற மாதிரி வையுங்கள். மழை பெய்து தண்ணீர் கலங்கியிருந்தால் பாண் எடுபடாது, அன்றைக்கு மண்புழு. என் அம்மம்மா நாக்கிளிப்புழு என்பார், வாழைமரத்தடியில் கிண்டினால் வரும்.

மன்னாவுக்கு மூங்கில் போதாது. அங்கே ரீல் வேண்டும், தடித்த தங்கூசி வேண்டும், ஏனென்றால் அது கொத்தினவுடன் கம்புக்கும் வேருக்கும் இடையில் ஓடிச் சுற்றிக்கொள்ளும். இரைக்கு முழு இறால் அல்லது செத்த சின்ன மீன், இறங்குதுறைத் தூண்களுக்கோ சரிந்து கிடக்கிற மரத்துக்கோ கிட்ட. மன்னா தண்ணீருக்கு மேலே வந்து காற்றை விழுங்குகிற மீன், இருட்டுகிற நேரம் ஒரு வெள்ளி மின்னலும் "ளுப்" என்றொரு சத்தமும் வந்தால் அந்த இடத்தைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப அங்கேதான் வரும். உயிர் மீனை இரையாக வைப்பவர்கள் உண்டு. ஓர் இடத்துத் தண்ணீரில் பிடித்த உயிர் மீனை வாளியில் இன்னொரு இடத்துக்குக் கொண்டு போகாதீர்கள், மீன்தொட்டிக் கடையில் வாங்கிப் போடவே போடாதீர்கள். மன்னா இந்த நிலைக்கு வந்தது அப்படி ஒரு வாளியால்தான்.

கைத்தூண்டில் மூன்றாவது வழி, ஒரு போத்தலில் சுற்றிய தங்கூசி, முள், ஈயம். பொல்கொடப் படகில் அது நல்லது, மிக மலிவு. கரையிலிருந்து பிள்ளை வீசினால் முள் யாருடைய காதில் ஏறும் என்று சொல்ல முடியாது. வீச்சு வலையைப் பற்றியும் கேட்டான் மச்சினன். வலைக்கு விதிகள் வேறு, தங்கூசி வலை நாட்டிலேயே தடை, பிறகு வலையில் கொரலியா குஞ்சும் சேர்ந்துதான் வரும். வேண்டாம் என்றேன்.

சமையலைச் சொல்லாமல் இந்த ஒப்பீடு முழுமையாகாது, ஏனென்றால் பலர் திலாப்பியாவை ஒருமுறை சமைத்துவிட்டு மண் மணக்குது என்று கைவிடுகிறார்கள். வயிற்றைத் திறந்தால் உள்ளே சுவரோடு ஒட்டிக் கறுப்பாக ஒரு மெல்லிய தோல் இருக்கும். அதை விரலால் உரித்து, மிச்சத்தைக் கத்தி முதுகால் சுரண்டி எடுங்கள். பிறகு கல்லுப்பும் தேசிக்காயும் போட்டுத் தேய்த்துக் கால் மணித்தியாலம் வையுங்கள், புளிப்புப் பட்டால் அந்த மண் மணம் அடங்கும். கழுவி, இரு பக்கமும் கீறி, மிளகாய்த்தூள், மஞ்சள், மிளகு, உப்புப் பூசி, தாச்சியில் எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள். உள்ளங்கை அளவு மீனென்றால் முழுசாகப் பொரிக்கலாம், செட்டைகூட முறுமுறுவென்று வரும். சோறு, பருப்பு, பொரித்த திலாப்பியா. வேறொன்றும் வேண்டாம்.

மன்னாவை அப்படிப் பொரித்தால் தொண்டையில் முள்தான். முதுகுப் பக்கம் முழுக்க இழை இழையாக முள், நான் முதல் தடவை துண்டு போட்டுப் பொரித்து, வீட்டில் ஒருவரும் சாப்பிட முடியாமல் எடுத்து வைத்தோம், மனம் சரியான கஷ்டப்பட்டது. தாய்லாந்தில் இந்த மீனைக் கரண்டியால் சுரண்டி எடுத்து மீன் அடை செய்கிறார்கள். அதே வேலையை நாம் கட்லட்டுக்குச் செய்யலாம். தோலைத் திறந்து கரண்டி விளிம்பால் சுரண்டினால் சதை பசை மாதிரி வரும், முள் பின்னால் நின்றுவிடும். வருகிற முள்ளை விரலால் தடவித் தடவி எடுக்க வேண்டும், பொறுமை வேண்டும். அவித்த உருளைக்கிழங்கு, வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, மிளகு சேர்த்து உருட்டி, முட்டையில் தோய்த்து, ரஸ்க் தூளில் பிரட்டிப் பொரித்தால், மன்னா என்று சொன்னால் ஒருவரும் நம்ப மாட்டார்கள். ஒரு பெரிய மன்னாவில் ஒரு பிறந்தநாளுக்குக் கட்லட் வரும்.

பயப்பட வேண்டியதைப் பயந்தே ஆக வேண்டும். தியவன்னாவிலும் பொல்கொடவிலும் முதலை இருக்கிறது, கதையில்லை. கிம்புலா என்றாலே சிங்களத்தில் முதலைதான், கிம்புலாவல என்று அந்த ஊருக்குச் சும்மா பெயர் வைக்கவில்லை. தண்ணீருக்குள் கால் வைக்காதீர்கள், விளிம்பில் குந்தியிருந்து மீன் கழுவாதீர்கள், குடலைக் கரையில் வீசாதீர்கள், பிள்ளை எப்போதும் உங்களுக்கும் தண்ணீருக்கும் நடுவில் இல்லாமல் உங்களுக்குப் பின்னாலோ பக்கத்திலோ நிற்கட்டும். காலில் காயம் இருந்தால் சப்பாத்துப் போடுங்கள், சதுப்பில் எலிக்காய்ச்சல் வரும். சித்திரையிலும், ஐப்பசி கார்த்திகையிலும் பின்னேரம் இடி முழக்கம் கேட்டால் அந்த நிமிடமே கம்பைக் கீழே வையுங்கள், கார்பன் கம்பு மின்னலுக்கு நல்ல பாதை. திலாப்பியாவைக் கையில் பிடிக்கும்போது தலையிலிருந்து வால் பக்கமாகத் தடவி முதுகு முள்ளைப் படுக்க வைத்துவிட்டுப் பிடியுங்கள்.

தூண்டிலால் இந்த வாவிகளைக் காப்பாற்றிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு பெண் திலாப்பியா வாயில் சுமக்கிற குஞ்சை எண்ணினால், நாம் ஞாயிறு தோறும் பிடிக்கிறது எந்த மூலைக்கு? ஆனால் எதை எடுக்கிறோம், எதை விடுகிறோம் என்று தெரிந்து பிடிக்கிற ஒரு பிள்ளை, நாளைக்கு மீன்தொட்டியைக் காலி பண்ணும்போது அதைக் கால்வாயில் கொட்ட மாட்டான். எனக்கு அது பெரிய விஷயம்.

ஆக, நீங்கள் தனி ஆள், இரவில் நிற்கப் பொறுமை உண்டு, ரீல் இருக்கிறது, முள் எடுக்க வீட்டில் ஒரு கை உதவி உண்டு என்றால் பொல்கொடவுக்குப் போய் மன்னாவைத் தேடுங்கள், அந்த வாவிக்கு நீங்கள் தேவை. பெரிய கொடுவாதான் கனவு என்றாலும் பொல்கொடதான், அதற்குப் படகும் பழகிய படகோட்டியும் வேண்டும். பிள்ளையோடு போகிறவர்கள், முதல் தடவை போகிறவர்கள், மூன்று மணித்தியாலத்தில் வீட்டுக்கு வர வேண்டியவர்கள், எல்லோரும் தியவன்னாவுக்குப் போங்கள், மூங்கில் கம்பும் தக்கையும் பாண் மாவும் கொண்டு.

மச்சினனுக்கும் அதையே சொன்னேன். ரீல் வாங்க வேண்டாம், அந்தக் காசில் பிள்ளைக்கு ஒரு நல்ல தொப்பியும் மூடி இறுகிய ஐஸ் பெட்டியும் வாங்கு என்றேன். கம்பு இரண்டு என்னிடம் இருக்கிறது, முள்ளும் தக்கையும் நான் கட்டி வைக்கிறேன். வருகிற ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்குக் கிம்புலாவலப் பக்கம் சந்திக்கிறோம். ஃபோனை வாங்கி அந்தப் பிள்ளை கேட்டது ஒன்றே ஒன்று: "மாமா, கொரலியா வந்தா நான்தான் திருப்பி விடுவன், சரியா?"